அட்டையில் இல்லாத கேள்வி

ஸ்பானிஷ் மாலை வகுப்பின் முதல் நாளில் நாற்பது பேர் வருவார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து இழுத்து வருவோம். எல்லோர் கையிலும் புது நோட்டு. அடுத்த மாதமே கப்பல் ஏறப்போகிறவர்களைப் போல முகத்தில் ஒரு களை. இரண்டாவது மாதம் இருபத்தைந்து பேர். தொடக்கநிலை முடியும்போது பதினெட்டு. இடைநிலையில் பன்னிரண்டு. மூன்று வருடம், ஆறு பருவம் தாண்டி மேல்நிலையின் கடைசிப் பருவத்தில் வந்து உட்காருகிறவர்கள் எட்டோ ஒன்பதோதான். பத்தொன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் யாராவது நின்றுவிட்டால் போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்பேன். இப்போது வருகைப் பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறேன்.

கல்லூரியின் இரண்டாவது மாடியில் பதினான்காம் அறை எங்களுடையது. பகலில் அது வேதியியல்காரர்களுக்குச் சொந்தம். அவர்கள் பலகையில் போட்டுவிட்டுப் போகிற அறுகோணங்களை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஆரம்பத்தில் சண்டை போட்டேன். பிறகு அந்த அறுகோணங்களின் மேலேயே எழுதப் பழகிக்கொண்டேன். மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்றும், ஒன்று சத்தம் போடும், மூன்றாவது இந்த இரண்டு வேலையையும் செய்யாது.

என் தேர்வு முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒவ்வொரு பருவத்துக்கும் முப்பது அட்டைகள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும். வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். ‘என் குடும்பம்’, ‘போக்குவரத்து’, ‘மருத்துவமனை’ என்று அட்டையில் ஒரு தலைப்பு இருக்கும். அதைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பிறகு அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ஐந்து கேள்விகளை நான் கேட்பேன். அந்த ஐந்தைத் தவிர வேறு கேட்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும் என்று நானே எழுதிய விதி அது. இன்னொரு விதியும் என்னுடையதுதான். ‘புரியவில்லை’ என்று சொன்னால் மதிப்பெண் குறையும், வாயைத் திறந்து எதையாவது சொன்னால் பாதியாவது கிடைக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பேச வைப்பதற்காக அப்படி வைத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. உலகத்தைத் திருத்தப் பிறந்தவள் என்று நினைப்பு.

அந்த அட்டைகளை அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் நினைப்பேன். விடுமுறை முடிந்துவிடும். எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் எல்லா அட்டைகளும், அவற்றுக்கு முதல் வருடம் நானே எழுதிக் கொடுத்த மாதிரிப் பதில்களும், ஆறு பருவத்துக்கும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த நாற்பதில் ஒருவர் வார்டு அக்கா. துறைமுகத்துப் பக்கம் இருக்கிற பெரிய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக வார்டு உதவியாளர். தரை துடைப்பது, படுக்கை மாற்றுவது, எழ முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைப்பது. வயது ஐம்பத்தொன்று, என்னைவிட நான்கு வயது மூத்தவர். வகுப்பே அவரை அக்கா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார்.

முதல் நாள் எல்லோரிடமும் ஏன் ஸ்பானிஷ் படிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். ஊர் சுற்ற என்றார்கள், பாட்டுப் பிடிக்கும் என்றார்கள், ஒருவன் கால்பந்து என்றான். அக்கா எழுந்து நின்றார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

“முழங்கால் போயிடுச்சு டீச்சர். எங்க ஆஸ்பத்திரிக்கு இப்ப ஸ்பானிஷ்காரங்க நிறைய வராங்க. மீன் பதப்படுத்தற ஆலையில வேலைக்குக் குடும்பத்தோட வந்திருக்காங்க. அவங்க பேசறத டாக்டருக்குச் சொல்ல ஒரு ஆள் போடப்போறாங்களாம். உங்க மேல்நிலை சர்டிபிகேட் இருந்தா வார்டு ஆளுங்களுக்குத்தான் மொதல்ல குடுப்பாங்களாம். உக்காந்து செய்யற வேலை டீச்சர்.”

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைக்காக மூன்று வருடம் படியேறி வருவதற்கு ஒருவர் தயாராக இருந்தால், அவர் கால் எவ்வளவு வலிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவள்தான் நான்.

அவர் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. நோயாளிகளின் படுக்கையில் மாட்டித் தீர்ந்துபோன அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் ஸ்பானிஷ் எழுதி, மடித்துச் சீருடைப் பையில் வைத்திருப்பார். துடைப்பத்தை இழுக்கிற தாளத்துக்கு வரிகளைச் சொல்லிக்கொள்வாராம். தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு அட்டை. திரும்பி வரும்போது பின்பக்கத்துக் கேள்விகள். ஒவ்வொரு பருவத்திலும் அவர்தான் முதல் மதிப்பெண். உச்சரிப்பு அப்படி இருக்கும். இடைநிலையில் ஒரு நாள் அவர் ‘பருவமாற்றம்’ அட்டையைச் சொன்னபோது, இத்தனை வருடத்தில் ஒரு உருப்படியான காரியம் செய்திருக்கிறேன் என்று நினைத்துக் கண் கலங்கினேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதே வகுப்பில் ‘சந்தேகம்’ என்று எல்லோரும் கேலி செய்கிற ஒரு பையனும் இருந்தான். லிப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் வேலை. வாயைத் திறந்தால் உச்சரிப்பு நாராசம். “மேடம், இது எனக்குப் புரியல, மறுபடி சொல்லுங்க” என்று ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை கேட்பான். தேர்விலும் அதையே கேட்டு மதிப்பெண்ணைப் பறிகொடுப்பான். ஒவ்வொரு பருவமும் கரணம் தப்பினால் மரணம் என்கிற மாதிரி ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தப்பித்து மேலே வந்தான். அவனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மற்றவர்கள் சும்மா இருக்கும்போது இவனுக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைப்பேன்.

கடைசிப் பருவம் தொடங்கியபோது துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். அந்நிய மொழிகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அவர் படித்தது ஜெர்மன் என்பது அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

“மேடம், மேல்நிலையில எட்டு பேராவது தேறணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வருஷத்துலேருந்து மேல்நிலையும் கிடையாது, இடைநிலையும் கிடையாது. தொடக்கநிலை மட்டும்தான். மேலிடத்து உத்தரவு.”

“மேலிடம்னா யாரு சார்?”

அவர் விரலை மேலே காட்டினார். எங்களுக்கு மேலே மூன்றாவது மாடியில் கழிப்பறைதான் இருக்கிறது.

என் வகுப்பில் இருந்தது சரியாக எட்டு பேர். தொடக்கநிலை மட்டும்தான் என்றால், ஓய்வு பெறுகிற வரைக்கும் வணக்கம், நலமா, என் பெயர் இன்னது என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட அந்தக் கழிப்பறையிலேயே ஒரு மேசை போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏழு பேர் தேறுவார்கள். எட்டாவது ஆள் சந்தேகம். அவனை மட்டும் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும். அக்காவைப் பற்றி எனக்கு யோசனையே இல்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகளின் கைக்கட்டைப் பிரிக்க அந்த மருத்துவமனைக்குப் போனேன். சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறவள் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டுவானேன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். குழந்தைகள் பகுதித் தாழ்வாரத்தில் அக்கா நின்றிருந்தார். அவர் முன்னால் ஒரு இளம் பெண், ஆலையின் ரப்பர் பூட்ஸோடேயே ஓடி வந்திருந்தாள். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி சின்னது. என் பெண் எங்கே, அவளை எங்கே கொண்டு போனார்கள், அவ்வளவுதான். தொடக்கநிலையின் மூன்றாவது மாதத்தில் வருகிற சொற்கள்.

அக்கா நிமிர்ந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பதில் சொன்னார்.

“மருத்துவமனை நம் சமூகத்தின் மிக முக்கியமான நிறுவனங்களுள் ஒன்று. அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் இரவு பகலாக உழைக்கிறார்கள். நோய் வருமுன் காப்பதே சிறந்தது என்பது என் கருத்து.”

பதினேழாம் அட்டை. நான் எழுதியது. ஒரு அசை பிசகவில்லை. அந்தப் பெண் அக்காவின் வாயையே பார்த்தாள். தன் மொழியைத் தன்னைவிட அழகாகப் பேசுகிற ஒருத்தி ஏன் தனக்குப் பதில் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள், இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது. அக்கா மறுபடி தொடங்கினார். “மருத்துவமனை நம் சமூகத்தின்...”

நான் ஓடினேன். மகள் பின்னாலேயே வந்தாள். அந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து, செவிலியரிடம் விசாரித்து, குழந்தையை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அக்கா சுவரோரமாக நின்றார்.

“என்ன கேட்டாங்க டீச்சர்?”

சொன்னேன்.

“பாப்பாவ எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போனதே நான்தான்” என்றார் அக்கா. “ரூம் நம்பர்கூட தெரியும்.”

வீட்டுக்கு வரும் வழியில் மகள், “ஏம்மா, அவங்க இவ்வளவு நல்லா பேசறாங்க, ஏன் வேற என்னமோ சொன்னாங்க?” என்று கேட்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதில் எல்லோரும்தான் படிக்கிறோம். அந்தச் சுரைக்காயை வரைந்து கொடுத்தவளே நான் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? தலைவலிக்கிறது, பேசாமல் வா என்றேன்.

மறுநாளிலிருந்து வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி அக்காவை உட்கார வைத்தேன். அட்டை இல்லாமல் சும்மா பேசிப் பார்க்கலாம் என்றேன். இன்று எப்படி வந்தீர்கள் என்று ஸ்பானிஷில் கேட்டால், ‘போக்குவரத்து’ அட்டை வரும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றால், ‘என் குடும்பம்’ அட்டை. அதில் அவருக்கு வழக்கறிஞரான கணவரும், பியானோ வாசிக்கும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நான் மாதிரிப் பதிலில் எழுதியிருந்த குடும்பத்தையே மூன்று வருடமாகத் தன் குடும்பம் என்று சொல்லி முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார். தலைப்புக்குள் அடங்காத கேள்வி எதையாவது கேட்டால், கையில் இருக்கிற நூற்றெண்பது அட்டைகளில் எது என்று அவர் கண்ணுக்குள் தேடுவது எனக்குத் தெரியும். தேடிக் கிடைக்காவிட்டால் சிரிப்பார்.

ஐந்தாவது நாள் அவர் நோட்டை மூடினார்.

“டீச்சர், பேச வருது. காதுல விழறது பிரியல எனக்கு. எல்லாம் ஒரே கயிறு மாதிரி ஓடுது.”

“புரியலன்னா புரியலன்னு சொல்லலாமேக்கா. மெதுவா சொல்லுங்கன்னு கேக்கலாமே.”

“சொன்னா மார்க் போயிடுமே.” கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். “மூணு வருஷமா எனக்குப் பதில் தெரியாத கேள்விய நீங்க ஒருக்காகூட கேட்டதில்ல டீச்சர். இப்ப வந்து கேக்கறீங்க.”

அவர் சொன்ன தொனியில் கோபம்கூட இல்லை. படுக்கை விரிப்பு மாற்றியாயிற்று என்று தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் சுள்ளென்று வந்தது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிற வகுப்பை எந்தக் கல்லூரி நடத்துகிறது, வீட்டில் சமைத்து, பகலில் பள்ளியில் ஒரு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து கத்துகிற எனக்கு எத்தனை வாய் இருக்கிறது என்றெல்லாம் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அத்தனையும் உண்மைதான், ஆனால் எதுவும் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் யோசிக்கிற பழக்கம் கிடையாது.

“அந்தம்மா படிச்சாங்க, உன் பரீட்சையில தேறிட்டாங்க. நீ ஏன் மாய்ஞ்சு மாய்ஞ்சு போற? பாஸ் போட்டு விடு. அவங்களுக்கும் நாற்காலி, உனக்கும் வகுப்பு. யாருக்கு நஷ்டம்?”

“நம்ம பொண்ணு அங்க படுத்திருந்து, வெளிய இருக்கற எனக்குச் சேதி சொல்ல அவங்கதான் இருக்காங்கன்னா?”

“நமக்கு ஏன் ஸ்பானிஷ்ல சேதி சொல்லப்போறாங்க?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “தெரியலப்பா. உனக்கு எது சரின்னு படுதோ செய்.”

அவர் அப்படிச் சொன்னதுதான் இன்னும் அசதியாக இருந்தது. காலையில் கிளம்பும்போது முடிவு செய்துவிட்டேன். விதிப்படி ஐந்து கேள்வி, விதிப்படி மதிப்பெண், விதிப்படி பாஸ். என் விதியை நானே மீறுவானேன். வேலைக்கு எடுக்கிற மருத்துவமனை சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஊரில் இருக்கிற பாரத்தையெல்லாம் நான்தான் சுமக்க வேண்டுமா?

துறைத்தலைவர் கூடவே வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆறு பேர் முடிந்தார்கள், ஆறு பேரும் பாஸ். ஏழாவதாக வந்த சந்தேகம் திக்கித் திணறி, இரண்டு தடவை “மறுபடி சொல்லுங்க” என்று கேட்டு, நான்கு மதிப்பெண் இழந்து, ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் கரையேறினான். அன்று எனக்கு அவன்மேல் எரிச்சல் வரவில்லை. அவன் மட்டும்தான் என் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு பதில் சொன்னவன்.

எட்டாவதாக அக்கா வந்தார். சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். டப்பாவுக்குள் கை விட்டு ‘முதியோர் பராமரிப்பு’ எடுத்தார். மூன்று நிமிடம். அந்த உச்சரிப்பைக் கேட்டால் யாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். துறைத்தலைவர் என் பக்கம் சாய்ந்து, “பிரமாதம், இல்ல?” என்றார்.

முதல் கேள்வியை முக்கால்வாசிதான் படித்தேன், பதில் வந்துவிட்டது. அடுத்து இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டேன். வேண்டுமென்று செய்தேனா, கை நழுவியதா, இன்றுவரை எனக்கே தெரியாது. அக்கா இரண்டாவது கேள்விக்கான பதிலைச் சொன்னார். தெளிவாக, முழுசாக, புன்னகையோடு. முதியோர் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று நான் கேட்டதற்கு, அவர்களுக்கு அன்புதான் தேவை என்றார். துறைத்தலைவர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அட்டையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து ஸ்பானிஷில் கேட்டேன். “அக்கா, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?”

அவர் சிரித்தார். கண்ணுக்குள் தேடல் தொடங்கியது. ‘உடற்பயிற்சி’யா, ‘மருத்துவமனை’யா? “மருத்துவமனை நம்...” என்று தொடங்கியவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்தத் தாழ்வாரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் வெளிறியது. அறையில் சத்தம் போடுகிற மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

“என்ன மேடம், இது லிஸ்ட்ல இருக்கற கேள்வியா?” என்றார் துறைத்தலைவர்.

நான் அவரைக் கவனிக்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்து, என் முழங்காலைத் தொட்டுக் காட்டி, வேறு மாதிரி, மெதுவாகக் கேட்டேன். “வலிக்கிறதா?”

அக்கா நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்ததை மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை. கேட்டது புரிந்த முகம். அந்தச் சொல் எந்த அட்டையிலும் இல்லை.

“வலிக்கிறது” என்றார் ஸ்பானிஷில். கொஞ்சம் யோசித்து, “ரொம்ப” என்றார். பிறகு, சொல் கிடைக்காமல், இரண்டு விரல்களை மேசைமேல் வைத்துப் படியேறிக் காட்டி, மறுபடி “வலிக்கிறது” என்றார். உச்சரிப்பு கரடுமுரடாக இருந்தது. ஆலைக்காரப் பெண்கள் பேசுகிற மாதிரி இருந்தது.

உடனே பயந்துபோய்த் தமிழுக்கு வந்துவிட்டார். “இது வார்டுல படுத்திருக்கறவங்க சொல்லிச் சொல்லிக் காதுல விழுந்தது டீச்சர். படிச்சது இல்ல. கணக்குல சேத்துக்காதீங்க.”

“இன்னும் எத்தனை வார்த்தை அப்படித் தெரியும்க்கா?”

“தண்ணி. குளிருது. லைட்ட அணைக்காத. போகாத, இங்கயே இரு. அம்மா.” விரல் விட்டு எண்ணினார். “ஒரு பத்து இருக்கும். அதெல்லாம் எதுக்கு டீச்சர், அட்டையில வராதே.”

நான் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மதிப்பெண் தாள் முன்னால் கிடந்தது. துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

“யோசிச்சுப் போடுங்க மேடம். இவங்க இல்லன்னா ஏழுதான். வகுப்ப மூடிட்டா இவங்க திரும்ப எழுதவும் வழி கிடையாது. ரெண்டு பேருக்கும் கெடுதல். அச்சடிச்ச கேள்விய மட்டும் எடுத்துக்குங்க, நானும் அப்படியே கையெழுத்துப் போட்டுடறேன்.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கெட்ட மனிதரும் இல்லை. அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆலைக்காரப் பொண்ணு மறுபடி வந்து கேட்டா உங்களால சொல்ல முடியுமாக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கு உக்காரணும் டீச்சர்” என்றார். அதற்குப் பிறகு, இன்னும் மெதுவாக, “முடியாது” என்றார்.

தேறவில்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். துறைத்தலைவர் பெருமூச்சு விட்டுவிட்டு அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அந்த வேலை சந்தேகப் பையனுக்குப் போயிற்று. வார்டு ஆட்களில் சான்றிதழ் உள்ளவர்கள் யாரும் இல்லாததால் வெளியிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வருடம் மேல்நிலை இல்லை, இடைநிலை இல்லை. இப்போது எனக்குத் தொடக்கநிலை மட்டும்தான், வாரம் மூன்று நாள், நாற்பது பேர். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான் தாள்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா மாடிப்படியின் உச்சியில் நின்றிருந்தார். இறங்குவதுதான் அவருக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். கைப்பிடியை ஒரு கையால் பிடித்திருந்தார். மறுகையைப் பிடித்துக்கொள்ள நான் நீட்டியபோது அவர் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொண்டார். தூக்கித் தூக்கிப் பழகிய கை, என் கையைவிட இரண்டு மடங்கு பலமாக இருந்தது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படி.

பாதி தூரத்தில் நின்றார்.

“அப்ப மூணு வருஷமும் வீணா டீச்சர்?”

இல்லைக்கா, எதுவும் வீணாகாது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. வகுப்பிலிருந்து நின்றுபோகிறவர்களிடம் முன்பெல்லாம் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு அட்டைதான்.

“வீணாக்குனது நான்க்கா” என்றேன்.

இல்லை டீச்சர், நீங்க என்ன செய்வீங்க என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதை எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஆமா” என்றார். பிறகு அடுத்த படியில் காலை வைத்தார்.